சார்ட்டர் பள்ளியா, டிஸ்ட்ரிக்ட் பள்ளியா? அமெரிக்கத் தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குளிர்காலம் தொடங்கினால் போதும், அமெரிக்காவில் தமிழ்ப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே கேள்விதான் சுற்றும்: "சார்ட்டர் லாட்டரிக்கு அப்ளை பண்ணியாச்சா?" கூடவே நூறு சந்தேகங்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் முகவரிக்கு உரிய டிஸ்ட்ரிக்ட் பள்ளி (ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்ற உள்ளூர்க் கல்வி நிர்வாகம் நடத்தும் அரசுப் பள்ளி) ஓரளவு நன்றாக இருந்தால், அதை விட்டு வருவதற்குக் காரணம் காட்ட வேண்டியது சார்ட்டர் பள்ளியின் பொறுப்பு. பக்கத்துப் பள்ளி உண்மையிலேயே மோசம் என்றால் கணக்கே வேறு.

சார்ட்டர் பள்ளி தனியாருடையதா, அரசுடையதா?

சட்டப்படி அது அரசுப் பள்ளி. வரிப்பணத்தில் நடக்கிறது, கட்டணம் வாங்கக் கூடாது, மாநிலத் தேர்வுகளைப் பிள்ளைகள் எழுதியே ஆக வேண்டும். ஆனால் அதை நடத்துவது ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் அல்ல, தனியான ஓர் அமைப்பு. பெரும்பாலும் லாப நோக்கில்லாத அமைப்பாக இருக்கும். அது மாநில அரசிடமோ, டிஸ்ட்ரிக்டிடமோ, சில மாநிலங்களில் பல்கலைக்கழகத்திடமோ, "இத்தனை ஆண்டுகள் நடத்துகிறோம், இன்னின்ன விளைவுகளைக் காட்டுகிறோம்" என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறது. பதிலுக்குப் பாடத்திட்டம், பள்ளி நேரம், ஆசிரியர் நியமனம் போன்றவற்றில் அதற்குச் சுதந்திரம் கிடைக்கிறது.

ஊரில் படித்தவர்கள் அரசு உதவிபெறும் பள்ளியை நினைத்துக்கொண்டால் சட்டென்று பிடிபடும்: சம்பளம் அரசுப் பணம், நிர்வாகம் வேறு ஆள். ஒற்றுமை அதோடு சரி. இங்கே நிர்வாகம் தனக்குப் பிடித்த பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்க முடியாது. ஒப்பந்தக் காலம் முடியும்போது சொன்னதைச் செய்து காட்டவில்லை என்றால் பள்ளியையே மூட வேண்டி வரலாம்.

இது எப்படி ஆரம்பித்தது?

1988இல் ஆல்பர்ட் ஷேங்கர் என்ற ஆசிரியர் சங்கத் தலைவர் இந்த யோசனையை நாடறியப் பேசினார். ஆசிரியர்களே சிறு பள்ளிகளைத் தொடங்கிப் புதிய முறைகளைச் சோதித்துப் பார்க்கட்டும் என்பது அவருடைய எண்ணம். 1991இல் மினசோட்டா முதல் சட்டத்தை இயற்றியது. மறு ஆண்டே செயின்ட் பால் நகரில் சிட்டி அகாடமி திறந்தது. கலிபோர்னியாவும் 1992இல் சட்டம் போட்டது. பிற்பாடு அதே ஆசிரியர் சங்கங்கள்தான் சார்ட்டருக்கு எதிராக நின்றன என்பது வேடிக்கை. இன்று ஏறக்குறைய 37 லட்சம் பிள்ளைகள் சார்ட்டரில் படிக்கிறார்கள். மொத்த அரசுப் பள்ளி மாணவர்களில் இது சுமார் 7 சதவீதம்.

எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கான விசா) இருக்கும் பிள்ளை சேரலாமா? கட்டணம் உண்டா?

சேரலாம். கட்டணம் இல்லை. குடியேற்ற நிலையைக் காரணம் காட்டி அரசுப் பள்ளியில் குழந்தைக்கு இடம் மறுக்கக் கூடாது என்பது 1982ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. சார்ட்டரும் அதற்குள் அடங்கும். முகவரிச் சான்று, தடுப்பூசிப் பதிவு, பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள், அவ்வளவுதான்.

ஆனால் "நன்கொடை" என்று ஒன்று வரும். சில சார்ட்டர்கள் ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு தொகையைக் குறிப்பிட்டு, "ஒவ்வொரு குடும்பமும் இவ்வளவு தந்தால் நல்லது" என்று கடிதம் அனுப்பும். முடிந்தால் கொடுக்கலாம். கொடுக்காவிட்டால் பிள்ளைக்கு எதுவும் ஆகாது. பெற்றோர் இத்தனை மணி நேரம் தன்னார்வலராக உழைக்க வேண்டும் என்று நிபந்தனை போடுவதும் கலிபோர்னியாவில் செல்லாது. (டிஸ்ட்ரிக்ட் பள்ளியின் பிடிஏ (பெற்றோர்-ஆசிரியர் சங்கம்) கடிதமும் இதே ரகம்தான், கொஞ்சம் மரியாதையாகக் கேட்பார்கள்.)

நுழைவுத் தேர்வு இருக்கிறதா? லாட்டரி என்பது என்ன?

பொதுவாக நுழைவுத் தேர்வு கிடையாது. இருக்கும் இடங்களைவிட விண்ணப்பங்கள் அதிகமானால் குலுக்கல். அதுதான் லாட்டரி. ஏற்கெனவே படிக்கும் பிள்ளையின் தம்பி தங்கைக்கும், ஊழியர்களின் பிள்ளைகளுக்கும், பல இடங்களில் அந்த டிஸ்ட்ரிக்டில் வசிப்பவர்களுக்கும் முன்னுரிமை உண்டு. அதனால் கிண்டர்கார்ட்டனில் "60 இடங்கள்" என்று போட்டிருந்தால் அறுபதும் பொதுக் குலுக்கலுக்கு வருவதாக எண்ண வேண்டாம். தம்பி தங்கைகள் போக எத்தனை மிஞ்சும் என்று பள்ளி அலுவலகத்தில் கேளுங்கள். பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள்.

கலிபோர்னியாவில் சேர்க்கைக்கு முன் மதிப்பெண் பட்டியலையோ சிறப்புக் கல்வி ஆவணங்களையோ கேட்கக் கூடாது என்று 2019 சட்டம் சொல்கிறது. டெக்சாஸில் ஒரு விதிவிலக்கு உண்டு: ஒழுங்கு நடவடிக்கைப் பதிவுள்ள மாணவரைச் சேர்க்காமல் இருக்க அங்குள்ள சார்ட்டருக்குச் சட்டம் இடம் தருகிறது. டிஸ்ட்ரிக்ட் பள்ளிக்கு அந்தச் சலுகை இல்லை. யார் வந்தாலும் அது சேர்த்துக்கொள்ள வேண்டும். இரண்டின் மதிப்பெண்களையும் ஒப்பிடும்போது இதை மறந்துவிடாதீர்கள்.

எங்கே படிப்பு நன்றாக இருக்கிறது? ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

"சார்ட்டர்தான் நல்லது" என்பவரிடமும் ஒரு ஆய்வு இருக்கும், "சார்ட்டர் மோசம்" என்பவரிடமும் ஒரு ஆய்வு இருக்கும். இரண்டும் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் கிரெடோ என்ற கல்வி ஆய்வு மையத்திலிருந்தே வந்திருக்கக்கூடும்.

கிரெடோவின் 2009 அறிக்கை கணிதத்தைப் பார்த்தது. 17 சதவீத சார்ட்டர்கள் ஒப்பிடத்தக்க டிஸ்ட்ரிக்ட் பள்ளிகளைவிட மேல், 37 சதவீதம் கீழ், மீதி வித்தியாசமே இல்லை. 2023 அறிக்கையில் படம் மாறியிருந்தது. சார்ட்டர் பிள்ளைகள் சராசரியாக ஆண்டுக்கு வாசிப்பில் 16 நாள் படிப்புக்கும், கணிதத்தில் 6 நாள் படிப்புக்கும் சமமான அளவு கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். முன்னேற்றம் உண்மை. ஆனால் கணிதத்தில் 6 நாள் என்பது 180 நாள் பள்ளி ஆண்டில் ஒரு வாரம் சொச்சம். அதற்காகத் தினமும் நாற்பது நிமிடம் கார் ஓட்டலாமா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நமக்கு இதைவிட உபயோகமானது மாசசூசெட்ஸ் ஆய்வு. எம்ஐடியின் ஜோஷுவா ஆங்க்ரிஸ்ட், பராக் பதக் ஆகியோரும் கிறிஸ்டோபர் வால்டர்ஸும் சேர்ந்து செய்தது. ஆங்க்ரிஸ்ட் 2021இல் பொருளாதார நோபல் பெற்றவர். குலுக்கலில் இடம் கிடைத்த பிள்ளைகளையும் கிடைக்காத பிள்ளைகளையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். இரு தரப்புமே விண்ணப்பித்த குடும்பங்கள்தான் என்பதால், "அக்கறையுள்ள பெற்றோரின் பிள்ளைகள் என்பதால்தான் நன்றாகப் படிக்கிறார்கள்" என்ற வாதம் இங்கே எடுபடாது. பாஸ்டன் போன்ற நகர சார்ட்டர்களில் பலன் மிகப் பெரிதாக இருந்தது. நகரத்துக்கு வெளியே இருந்த சார்ட்டர்களிலோ பலன் இல்லை, சில அளவுகளில் பிள்ளைகள் பின்தங்கியும் இருந்தார்கள்.

காரணம் சிக்கலானதல்ல. நகரத்தில் சார்ட்டருக்குப் போகாத பிள்ளை திரும்பும் பள்ளி பலவீனமானது. புறநகரில் அந்தப் பள்ளியே நன்றாக இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் வீடு வாங்கியிருப்பது ஃப்ரிஸ்கோ, ஃப்ரீமான்ட், எடிசன், நேப்பர்வில் போன்ற புறநகர்களில். அங்கே சார்ட்டரின் எதிராளி ஏற்கெனவே பலசாலி. டெட்ராய்ட்டிலோ ஓக்லாண்டிலோ வசிக்கும் குடும்பத்துக்கு நான் இந்தப் பதிலைச் சொல்ல மாட்டேன்.

ரேட்டிங் 10/10 என்று இருக்கிறதே, அது போதாதா?

வீடு விற்கும் தளங்களில் தெரியும் அந்த எண் பெருமளவு தேர்வு மதிப்பெண்ணைச் சார்ந்தது. மதிப்பெண் பெருமளவு குடும்ப வருமானத்தையும் பெற்றோர் படிப்பையும் சார்ந்தது. மென்பொருள் வேலைக்காரர்களின் பிள்ளைகள் நிறைந்த பள்ளிக்கு உயர்ந்த எண் வந்தால், பள்ளி என்ன செய்தது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ரேட்டிங் தரும் தளத்தில் பெரும்பாலும் "மாணவர் முன்னேற்றம்" என்று தனியாக ஒரு எண் இருக்கும். ஓராண்டில் பிள்ளை எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதைக் காட்டுவது அது. நான் அதைத்தான் முதலில் பார்ப்பேன்.

"எங்கள் மாணவர்கள் நூறு சதவீதம் கல்லூரிக்குப் போகிறார்கள்" என்கிறது ஒரு சார்ட்டர். நம்பலாமா?

பொய்யாக இருக்காது. ஆனால் நூறு சதவீதம் என்பது எத்தனை பேரில் நூறு சதவீதம்?

மாநிலக் கல்வித்துறைத் தளத்தில் ஒவ்வொரு பள்ளிக்கும் வகுப்புவாரி மாணவர் எண்ணிக்கை கிடைக்கும். கலிபோர்னியாவில் டேட்டாகுவெஸ்ட், டெக்சாஸில் டிஏபிஆர் அறிக்கை. அதைத் திறந்து ஒரே ஆண்டின் வரிசையை மேலிருந்து கீழாகப் படித்தால் ஏமாந்துவிடுவீர்கள். பள்ளி வளர்ந்துகொண்டிருந்தால் மேல் வகுப்புகள் இயல்பாகவே சிறியதாக இருக்கும். குறுக்காகப் படிக்க வேண்டும்: 2018-19இல் ஆறாம் வகுப்பு, 2019-20இல் ஏழாம் வகுப்பு, இப்படியே போய் 2024-25இல் பன்னிரண்டாம் வகுப்பு. இது ஒரே செட் பிள்ளைகளின் பாதை.

ஒரு கற்பனைப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். ஆறாம் வகுப்பில் 120, எட்டில் 94, ஒன்பதில் 61, பன்னிரண்டில் 38. அந்த 38 பேரும் கல்லூரிக்குப் போனார்கள், சரி. மற்ற 82 பேர் எங்கே? சிலர் ஊர் மாறியிருப்பார்கள். சிலருக்குக் கால்பந்து அணியும் பெரிய பேண்டும் உள்ள ஹைஸ்கூல் வேண்டியிருந்திருக்கும். சிலர் தாக்குப்பிடிக்க முடியாமல் விலகியிருப்பார்கள். டிஸ்ட்ரிக்ட் பள்ளியிலிருந்தும் பிள்ளைகள் போவார்கள், ஆனால் போன இடத்துக்கு வேறு பிள்ளை வந்து உட்காரும். பல சார்ட்டர்கள் ஒரு குறிப்பிட்ட வகுப்புக்கு மேல் காலி இடங்களை நிரப்புவதில்லை. நியூயார்க்கின் சக்ஸஸ் அகாடமி என்ற சார்ட்டர் குழுமம் பல ஆண்டுகளாக நான்காம் வகுப்புக்கு மேல் புதியவர்களைச் சேர்க்காமல் இருந்தது. மேல் வகுப்பின் சராசரி மதிப்பெண் உயர்வதில் இதற்கும் பங்கு உண்டு.

நம்மவர்களிடையே பிரபலமான பேசிஸ் என்ற சார்ட்டர் குழுமத்தின் பள்ளிகளையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். 2018இல் யு.எஸ். நியூஸ் நிறுவனம் வெளியிட்ட உயர்நிலைப் பள்ளித் தரவரிசைப் பட்டியலின் முதல் ஐந்து இடங்களையும் அரிசோனாவின் பேசிஸ் பள்ளிகளே பிடித்தன. பாடம் கடினம், ஏபி (கல்லூரித் தரப் பாடங்கள்) தேர்வுகள் ஏராளம், அந்தப் பட்டியல் கணக்கிலும் ஏபிக்கு எடை அதிகம். வேகமாகப் படிக்கும் பிள்ளைக்கு அது நல்ல இடம், அதில் சந்தேகமில்லை. உங்கள் பிள்ளை அந்த வேகத்தை விரும்புகிறதா, அல்லது நீங்கள் விரும்புகிறீர்களா என்பதை மட்டும் வீட்டுக்குள் உட்கார்ந்து நேர்மையாகப் பேசிவிடுங்கள்.

ஆசிரியர்களில் வித்தியாசம் உண்டா?

மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிபோர்னியாவில் சார்ட்டர் ஆசிரியருக்கும் உரிமச் சான்று வேண்டும். அரிசோனாவில் வேண்டாம். டெக்சாஸ் சார்ட்டரில் பெரும்பாலான பாடங்களுக்குப் பட்டம் இருந்தால் போதும். ஆனால் அங்கே டிஸ்ட்ரிக்ட் பள்ளிகளும் விலக்கு வாங்கிக்கொண்டு சான்றில்லாதவர்களை நிறையவே நியமிக்கின்றன, ஆகவே சார்ட்டரை மட்டும் குறை சொல்ல முடியாது.

சான்றிதழைவிட நான் கேட்கும் கேள்வி வேறு: "போன ஆண்டு இருந்த ஆசிரியர்களில் எத்தனை பேர் இந்த ஆண்டும் இருக்கிறார்கள்?" சார்ட்டர்களில் பெரும்பாலும் சங்கம் இல்லை, பள்ளி நாள் நீளம், இளம் ஆசிரியர்கள் அதிகம், சராசரியாகப் பார்த்தால் வேலையை விட்டுப் போவதும் அதிகம். ஒரு பள்ளிச் சுற்றுப்பயணத்தில் கணித ஆசிரியர்களை வரிசையாக அறிமுகப்படுத்தினார்கள். எல்லோரும் உற்சாகமானவர்கள். எத்தனை ஆண்டுகளாக இங்கே என்று ஒரு அம்மா கேட்டார். ஒருவர்கூட இரண்டாம் ஆண்டைத் தாண்டவில்லை. முதல்வர் சிரித்தபடி பேச்சை ரோபாட்டிக்ஸ் அறைக்குத் திருப்பினார்.

என் பிள்ளைக்கு ஆட்டிசம், ஐஇபி (பிள்ளைக்கென்று பள்ளி எழுதித்தரும் சிறப்புக் கல்வித் திட்டம்) இருக்கிறது. சார்ட்டர் சேர்த்துக்கொள்ளுமா?

சேர்த்துக்கொண்டே ஆக வேண்டும். சிறப்புக் கல்விக்கான ஃபெடரல் சட்டமும், குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு வகுப்பறையில் தேவையான வசதி செய்து தரும் 504 திட்டமும் சார்ட்டருக்கும் அப்படியே பொருந்தும். "எங்களிடம் அந்த வசதி இல்லை, டிஸ்ட்ரிக்ட் பள்ளிதான் உங்களுக்குச் சரி" என்று சேர்க்கை மேசையில் யாராவது மெதுவாகச் சொன்னால், அது சட்டத்துக்குப் புறம்பான பேச்சு. அதை மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள். பேச்சின் தொனி உடனே மாறும்.

சட்டம் ஒரு பக்கம், நடைமுறை ஒரு பக்கம். பெரிய டிஸ்ட்ரிக்டில் பேச்சுப் பயிற்சியாளர், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், நடத்தை நிபுணர், தனி வகுப்பறை எல்லாம் சொந்தமாக இருக்கும். நானூறு பிள்ளைகள் படிக்கும் தனித்த சார்ட்டரில் பேச்சுப் பயிற்சியாளர் ஒப்பந்த அடிப்படையில் வாரத்தில் ஓரிரு நாள் வந்துபோவார், சில நேரம் கணினித் திரை வழியாக. லேசான தேவை என்றால் இது போதலாம். சின்ன வகுப்பும் சத்தம் குறைந்த வராண்டாவும் சில பிள்ளைகளுக்கு மருந்து மாதிரி வேலை செய்வதும் உண்டு. கூடுதல் தேவையுள்ள பிள்ளை என்றால் அவசரப்படாதீர்கள். சேர்ப்பதற்கு முன் கேட்க வேண்டியவை: ஐஇபியில் உள்ள ஒவ்வொரு சேவையையும் தரப்போவது யார், பள்ளி ஊழியரா வெளியாளா, அவர் இப்போது வேலையில் இருக்கிறாரா, இல்லை இனிமேல்தான் ஆள் தேட வேண்டுமா?

நம் சமூகத்தில் இன்னொரு பழக்கம் இருக்கிறது. "சார்ட்டர் சின்னப் பள்ளி, அங்கே போனால் பிள்ளை தானாகச் சரியாகிவிடும்" என்று ஐஇபியையே சொல்லாமல் சேர்த்துவிடுவார்கள். சேர்ந்த பிறகு மறைத்து வைப்பதால் எந்தப் பயனும் இல்லை. பிள்ளைக்குச் சேர வேண்டிய உதவிதான் தள்ளிப்போகும்.

பஸ், சாப்பாடு, விளையாட்டு?

பஸ்தான் பெரிய விஷயம். பல சார்ட்டர்களில் பஸ்ஸே கிடையாது. காலையில் ஒருவர் கொண்டுபோய் விட வேண்டும், மதியம் மூன்று சொச்சத்துக்கு ஒருவர் பிக்கப் வரிசையில் காரோடு நிற்க வேண்டும். அந்த நேரத்தில் ஆபீஸ் மீட்டிங் இல்லாத வேலை யாருக்கு இருக்கிறது? கார்பூல் அமையும் என்று நம்பித்தான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். அமைந்தால் அதிர்ஷ்டம். மூத்தவன் டிஸ்ட்ரிக்டிலும் சின்னவள் சார்ட்டரிலும் என்றால் இரண்டு காலண்டர், இரண்டு விடுமுறைப் பட்டியல்.

சாப்பாடு: கலிபோர்னியாவில் 2022-23 முதல் இரண்டு வகைப் பள்ளியிலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசம். மற்ற மாநிலங்களில் விசாரியுங்கள், சில சார்ட்டர்களில் சமையலறையே இருக்காது. விளையாட்டு, ஆர்கெஸ்ட்ரா, பெரிய நூலகம் போன்றவற்றில் டிஸ்ட்ரிக்ட் ஹைஸ்கூலோடு சின்னச் சார்ட்டர் போட்டி போட முடியாது.

பள்ளியை யார் தட்டிக்கேட்பது?

டிஸ்ட்ரிக்டில் பள்ளி வாரியத்துக்குத் தேர்தல் உண்டு. குடியுரிமை பெற்றிருந்தால் ஓட்டுப் போடலாம், போட்டியிடலாம். நம்மவர்கள் சிலர் ஜெயித்தும் இருக்கிறார்கள். சார்ட்டர் வாரியம் பெரும்பாலும் நியமனம். கலிபோர்னியாவில் 2019 சட்டத்துக்குப் பிறகு சார்ட்டர் வாரியங்களும் கூட்டத்தைத் திறந்த கதவோடு நடத்த வேண்டும், ஆவணம் கேட்டால் தர வேண்டும். சேர்க்கும் முன் ஒரு கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலையும் பட்ஜெட்டையும் இறக்கிப் படியுங்கள். மாணவர் எண்ணிக்கை குறைகிறதா, வாடகை ஏறுகிறதா, முதல்வர் அடிக்கடி மாறுகிறாரா என்பதெல்லாம் வண்ணப் பிரசுரத்தில் இருக்காது, அங்கே இருக்கும்.

நடுவில் பள்ளி மூடிவிட்டால்?

நடக்கிறது. ஒஹாயோவில் இசிஓடி என்ற ஆன்லைன் சார்ட்டர் 2018 ஜனவரியில், கல்வியாண்டின் நடுவில் மூடியது. சுமார் 12,000 பிள்ளைகள் வேறு பள்ளி தேட வேண்டியதாயிற்று. இருக்கும் மாணவர்களைவிட அதிகக் கணக்குக் காட்டிப் பணம் பெற்றதாக மாநிலம் கண்டுபிடித்து, கோடிக்கணக்கான டாலரைத் திருப்பிக் கேட்டதுதான் காரணம். இது பெரிய உதாரணம். சிறிய பள்ளிகள் சத்தமில்லாமல் மூடுவது இன்னும் அதிகம். மாணவர் குறைவது, கட்டடம் கிடைக்காமல் போவது, ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாதது என்று காரணங்கள் பல. அதனால் அடுத்த புதுப்பிப்பு எந்த ஆண்டு என்று கேட்டு வையுங்கள்.

டிஸ்ட்ரிக்ட் பள்ளி மூடாது என்றும் இல்லை. டெக்சாஸின் பிளேனோ ஐஎஸ்டி மாதிரி பெயர் பெற்ற டிஸ்ட்ரிக்டே மாணவர் குறைந்ததால் 2024இல் நான்கு பள்ளிகளை மூட முடிவெடுத்தது. வித்தியாசம் என்னவென்றால், அங்கே பிள்ளைக்கு வேறு இடம் தருவது டிஸ்ட்ரிக்டின் கடமை. சார்ட்டர் மூடினால் தேடுவது உங்கள் வேலை.

ஆன்லைன் சார்ட்டர் எப்படி?

வேண்டாம். கிரெடோவின் அதே 2023 அறிக்கையில் முழு நேர ஆன்லைன் சார்ட்டர் மாணவர்கள் வாசிப்பில் 58 நாளும் கணிதத்தில் 124 நாளும் பின்தங்கியிருந்தார்கள். நோய், தீவிர விளையாட்டுப் பயிற்சி என்று தவிர்க்க முடியாத காரணம் இருப்பவர்கள் மட்டும் யோசிக்கலாம்.

சார்ட்டர் இருக்கிறதே என்று நம்பி மலிவான ஏரியாவில் வீடு வாங்கலாமா?

வாங்கலாம், அந்த ஏரியாவின் டிஸ்ட்ரிக்ட் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கவும் தயார் என்றால். குலுக்கலில் விழுமா என்று தெரியாத இடத்தை நம்பி முப்பது வருட மார்ட்கேஜில் கையெழுத்துப் போடுவதை என்னால் ஆதரிக்க முடியாது. மூத்த பிள்ளைக்குக் கிடைத்தாலும் இளையவருக்கு முன்னுரிமைதான், உத்தரவாதம் இல்லை.

அதே சமயம், "நல்ல டிஸ்ட்ரிக்ட்" என்று ஒன்றரை லட்சம் டாலர் கூடுதலாகக் கொடுப்பதும் கட்டணமே. டிஸ்ட்ரிக்ட் பள்ளி எல்லோருக்கும் திறந்தது என்று பேசும்போது, அந்த ஜோனுக்குள் வீடு வாங்க வசதியுள்ள எல்லோருக்கும் என்று சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். சார்ட்டரை ஆதரிப்பவர்களின் வலுவான வாதம் இது. எனக்கு இதற்கு நல்ல பதில் இல்லை.

சார்ட்டருக்குப் போனால் பக்கத்துப் பள்ளிக்கு நஷ்டமா?

பணம் மாணவரைப் பின்தொடர்ந்து போகிறது. ஒரு வகுப்பிலிருந்து மூன்று பேர் போனால் அவர்களுக்கான நிதியும் போகும், ஆனால் ஆசிரியர் சம்பளமும் கரண்ட் பில்லும் பஸ் செலவும் குறையாது. டிஸ்ட்ரிக்டுகள் புலம்புவதில் அர்த்தம் இருக்கிறது. 2019இல் லாஸ் ஏஞ்சலஸ் ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது சார்ட்டர் பெருக்கமும் ஒரு பிரச்சினையாக இருந்தது. 2016இல் மாசசூசெட்ஸ் வாக்காளர்கள் சார்ட்டர் பள்ளிகளின் எண்ணிக்கை வரம்பை உயர்த்தும் யோசனையைப் பெரிய வித்தியாசத்தில் தோற்கடித்தார்கள், அதுவும் பாஸ்டன் சார்ட்டர்கள் அவ்வளவு நன்றாக நடந்த மாநிலத்தில். இன்னொரு பக்கம், டெக்சாஸ் சார்ட்டர் சொத்து வரி விதிக்க முடியாது, கட்டடத்துக்குத் தானே வழி தேட வேண்டும். ஒரு பெற்றோராக இந்தச் சுமை முழுவதையும் உங்கள் பிள்ளையின் தலையில் வைக்க வேண்டியதில்லை. தெரிந்து வைத்திருங்கள், அவ்வளவுதான்.

மேக்னட் பள்ளியும் இதுதானா?

இல்லை. மேக்னட் டிஸ்ட்ரிக்டே நடத்துவது. கலை, அறிவியல் என்று ஒரு துறையை மையமாக வைத்தது. சிலவற்றில் நுழைவுத் தேர்வும் உண்டு. சார்ட்டரைத் தேடி ஓடும் முன் உங்கள் டிஸ்ட்ரிக்டில் மேக்னட், இருமொழி வகுப்பு, ஜிடி (திறன் மிகுந்த பிள்ளைகளுக்கான) திட்டம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பலர் பார்ப்பதே இல்லை.

மதம் சார்ந்த சார்ட்டர் உண்டா?

இப்போதைக்கு இல்லை. ஓக்லஹோமாவில் ஒரு கத்தோலிக்க சார்ட்டருக்கு அனுமதி தந்தார்கள். மாநில உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. 2025 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 4-4 என்று பிரிந்ததால் அந்தத் தீர்ப்பே நின்றது. சமநிலையில் முடிந்த வழக்கு என்பதால் இன்னொரு வழக்கு வரலாம்.

தமிழ்ப் பள்ளி கிரெடிட் சார்ட்டரில் கிடைக்குமா?

வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் படிப்பதை உயர்நிலைப் பள்ளி மொழிப் பாடக் கிரெடிட்டாகச் சில டிஸ்ட்ரிக்டுகள் ஏற்கின்றன. பல ஆண்டுகள் பெற்றோரும் தமிழ்ப் பள்ளிகளும் நடையாய் நடந்து வாங்கிய அனுமதி அது. டிஸ்ட்ரிக்ட் ஏற்றால் அதே ஊர்ச் சார்ட்டரும் ஏற்கும் என்று பொருள் இல்லை, அது தனி நிர்வாகம். எட்டாம் வகுப்பிலேயே கவுன்சிலரிடம் எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள்.

பிடிக்கவில்லை என்றால் நடுவில் திரும்ப வரலாமா?

டிஸ்ட்ரிக்டுக்குத் திரும்புவது எளிது. உங்கள் முகவரிக்கு உரிய டிஸ்ட்ரிக்ட் எந்த மாதத்திலும் சேர்த்துக்கொள்ளும், வகுப்பு நிரம்பியிருந்தால் பக்கத்துப் பள்ளிக்கு அனுப்பலாம். எதிர்த் திசை கடினம்: சார்ட்டரை விட்டால் அந்த இடம் போய்விடும், மறுபடி குலுக்கல்தான். ஹைஸ்கூல் நடுவில் மாறினால் கிரெடிட், ஜிபிஏ (சராசரி மதிப்பெண் புள்ளி) எடை எல்லாம் இரண்டு இடத்திலும் வெவ்வேறு கணக்கு. மாற வேண்டும் என்றால் ஒன்பதாம் வகுப்புத் தொடக்கத்தில் மாறுங்கள்.

லாட்டரியில் இடம் விழுந்துவிட்டது, பதில் சொல்ல சில நாள்தான் இருக்கிறது. என்ன செய்ய?

ஏற்றுக்கொள்வதற்குச் செலவில்லை. குழப்பமாக இருந்தால் ஏற்றுக்கொண்டு, டிஸ்ட்ரிக்ட் பள்ளியின் பதிவையும் அப்படியே விட்டுவையுங்கள். அந்தச் சில நாளில் வகுப்பு நடக்கும் நேரத்தில் பள்ளியைப் பார்க்க அனுமதி கேளுங்கள். ஓபன் ஹவுஸ் மாலை எல்லாப் பள்ளியும் அழகுதான். ஒரு முறை உண்மையான காலை நேரத்தில், உண்மையான டிராஃபிக்கில் காரோட்டிப் போய்ப் பாருங்கள். சேர்ந்து ஓராண்டில் விலகிய குடும்பம் ஒன்றைத் தேடிப்பிடித்துப் பேசுங்கள். தமிழ்ப் பள்ளியில் கேட்டால் யாராவது கிடைப்பார்கள், இருக்கும் குடும்பங்கள் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள். பிள்ளை நான்காம் வகுப்பைத் தாண்டியிருந்தால் அதையும் கூட்டிப் போங்கள்.

வேண்டாம் என்று முடிவெடுத்தால் பேசாமல் இருந்துவிடாதீர்கள், அலுவலகத்துக்கு அன்றே ஒரு வரி மின்னஞ்சல் போடுங்கள். ஆகஸ்ட் முதல் நாள் வராத பிள்ளைகளின் இடங்களைக் கண்டுபிடித்து வெயிட்லிஸ்டை நகர்த்த இரண்டு வாரம் ஆகிவிடுகிறது. அதற்குள் அடுத்த எண்ணில் இருக்கும் குடும்பம் வேறு பள்ளியில் புத்தகம் வாங்கியிருக்கும்.